புறப்படாத கோடு

அத்தியாயம் 7

நடுவட்டத்தில் வைப்பர் நின்றது. கூடலூரில் ஹாரன் நின்றது. ஓவேலிக்குள் நுழையும்போது ஜீப்பில் மிச்சம் வேலை செய்துகொண்டிருப்பது என் வாய் மட்டும்தான் என்று ஜூடித் அக்கா சொன்னார்.

"அதையும் நிறுத்தணும்னா டீ வாங்கிக் குடுங்க" என்றேன்.

குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். முதலாளி ஜூடித் அக்கா. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய ப்ரோக்ராம்களில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். அது அலுத்துப்போய், மனிதர்களிடமே நேராகத் தப்புக் கண்டுபிடிக்கலாம் என்று மலையேறி வந்துவிட்டார். நான் பிரைட்டன். உதவியாளன், டிரைவர், பேக்கரிக்கும் ஆபீசுக்கும் நடுவே தூதுவன்.

ஹேசல்மீட் டீ எஸ்டேட்டின் ஃபேக்டரி வாசலில் மேனேஜர் செல்லதுரை குடையோடு காத்திருந்தார். வாசல் நிலைக்கு மேலே இரண்டு வெற்று ஆணிகள் துருப்பிடித்துக் கிடந்தன. எனக்குக் கண்ணில் பட்டதை எல்லாம் கேட்டுத்தான் பழக்கம்.

"அது என்னுங்க சார், ஆணிக்கு வேலை இல்லையா?"

"எலுமிச்சம்பழமும் மொளகாயும் தொங்கிட்டிருந்துச்சுங்க. நான் சார்ஜ் எடுத்த அன்னைக்கே கழட்டி எறிஞ்சுட்டேன். ஃபேக்டரி கரண்ட்ல ஓடுதுங்க, எலுமிச்சம்பழத்துல ஓடல." சொல்லிவிட்டு ஒரு முறை மார்பை நிமிர்த்திக்கொண்டார். இதைப் பலரிடம் சொல்லிப் பழகிய மார்பு என்று தெரிந்தது.

ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர். திரையில் வெள்ளைப் பக்கம், நடுவில் சிவப்புப் பெட்டி. பெட்டிக்குள், 'அன்ஹேண்டில்ட் எக்ஸெப்ஷன்' என்று ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை.

"மூணாவது தடவைங்க மேடம்" என்றார் செல்லதுரை. "ஃபேக்டரி முழுசும் படமா வரைஞ்சு வெச்சிருக்கோம். இலை வண்டியில இருந்து இறங்கறதுல ஆரம்பிச்சு, வாட்டறது, அரைக்கறது, பெட்டி கட்டறது வரைக்கும் எல்லாம் அதுல இருக்குது. வரைபலகைன்னு ஒரு ஆப்புங்க, ப்ரௌசர்லயே திறந்து வரையலாம். மத்தியானம் கொச்சியில இருந்து வாங்கறவங்க வர்றாங்க. படத்தைப் பாத்துட்டுத்தான் ஃபேக்டரியை நடந்து பாப்பாங்க. இது திறக்கலைன்னா அவங்க அப்பிடியே அடுத்த எஸ்டேட்டுக்குப் போயிருவாங்க."

"ஏற்கெனவே ரெண்டு தடவை கெட்டப்ப என்ன பண்ணுனீங்க?"

"பழைய காப்பியை எடுத்து மறுபடி வரைய வெச்சோம். வரையறது சசிரேகாதான். கெடுக்கறதும் அவதான்." திரையின் கீழ் ஓரத்தைத் தட்டிக் காட்டினார். 'கடைசியாகத் தொட்டவர்: சசிரேகா' என்று இருந்தது. "மூணு தடவையும் இதே பேருங்க. அவளுக்கு வேலை நீக்க உத்தரவு டைப் பண்ணி வெச்சாச்சு. விசிட்டருங்க போனதும் கையெழுத்து. படத்தை மட்டும் எழுப்பிக் குடுத்துருங்க."

ஜன்னல் வழியே பார்த்தேன். வராந்தா பெஞ்சில் ஒரு பெண், சாப்பாட்டுப் பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையைத் திறக்கவே இல்லை.

"எக்ஸெப்ஷன்னா என்னக்கா?" என்று கேட்டேன்.

"ப்ரோக்ராம் எழுதறவங்க, இது நடந்தா இப்பிடிப் பண்ணு, அது நடந்தா அப்பிடிப் பண்ணுன்னு எல்லாத்துக்கும் எழுதி வெப்பாங்க. அவங்க நினைச்சே பார்க்காத ஒண்ணு நடந்துட்டா, என்ன பண்றதுன்னு தெரியாம அப்பிடியே படுத்துக்கும்."

"என்ர மாமனார் மாதிரி. நான் பொண்ணு கேட்டுப் போனப்ப அவரும் அப்பிடித்தான் படுத்துட்டார்."

அக்கா காதில் வாங்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினார். ப்ரௌசரின் பக்கவாட்டில் கறுப்புப் பலகை ஒன்று திறந்து எழுத்துகளாகக் கொட்டியது. அதில் சிவப்பாக இருந்த ஒரு வரியை விரலால் தொட்டார். பிறகு படத்தைப் படமாகத் திறக்காமல் வெறும் எழுத்தாகத் திறந்தார். ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எண்களாக வரிசை கட்டி நின்றது. கீழே இறக்கிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார்.

"இதைப் பாரு. எல்லாக் கோடும் ஒரு இடத்துல புறப்பட்டு இன்னொரு இடத்துல போய்ச் சேருது. இது ஒண்ணு மட்டும் புறப்பட்ட இடத்துலயே நிக்குது."

"நம்ம ஜீப்."

"நீளமே இல்லாத கோடு. படத்தோட வலது பக்கக் கீழ் மூலையில இருக்கற தடிமனான கறுப்புக் கோடு, ஆனா நீளம் இல்லை. படத்தைத் திறக்கும்போது வரைபலகை ஒவ்வொரு கோட்டையும் கூப்பிட்டு, நீ எந்தப் பக்கம் போறேன்னு கேட்கும். இது என்ன பதில் சொல்லும்?"

"எங்கயும் போகலைன்னு சொல்லும். அதைக் கேட்டு ஆப் மயக்கம் போட்டுடுது. இதுதானா விஷயம்?"

அந்த ஒரு வரியை அக்கா நீக்கினார். சிவப்புப் பெட்டி மறைந்தது. படம் எழுந்து வந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும், நான் வாயை மூடிக்கொண்டேன். பச்சை இலை மேலிருந்து இறங்கி, ஒவ்வொரு அறையாகப் புகுந்து, நிறம் மாறி மாறி, கடைசியில் கறுப்புத் தூளாகப் பெட்டியில் விழுகிறது. வாட்டும் தொட்டியின் காற்றாடிக்குக்கூட இறக்கை வைத்திருந்தாள். இதை வரைந்தவள் இதையே கெடுப்பாளா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஜோலி முடிஞ்சுது. டீ குடிச்சுட்டுக் கிளம்பலாமா?" என்றேன்.

"படம் வந்துடுச்சு. அந்தப் பொண்ணோட வேலை வரலியே."

அக்கா முன்பு கெட்டுப்போன இரண்டு காப்பிகளையும் எழுத்தாகத் திறந்தார். அவற்றிலும் அதே நீளமில்லாத கோடு. அதே இடம்.

"கை தவறினா மூணு தடவையும் ஒரே இடத்துல தவறாது" என்றார்.

"பாத்தீங்களா" என்று செல்லதுரை துள்ளினார். "வேணும்னேதான் பண்ணியிருக்கா. நீங்களே நிரூபிச்சுட்டீங்க."

துப்பறிய வந்த இடத்தில் அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டோம். அக்காவின் முகம் சுருங்கியது. எனக்கு டீ ஆசையே போய்விட்டது.

வராந்தா பெஞ்சில் இருந்தவள்தான் சசிரேகா. தேவர்சோலைக்காரி. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

"என்ர பேருன்னு சொல்றாங்களேக்கா, அந்தப் பேருல ஆரு வேணும்னாலும் உள்ள போலாமுங்க. எஸ்டேட்டுக்கு ஒரே ஒரு லாகின்தான் வாங்கிக் குடுத்தாங்க. பாஸ்வேர்டை மானிட்டர்லயே ஒட்டி வெச்சிருக்குது. டீ குண்டான் கழுவறவருக்குக்கூட மனப்பாடம்."

"கெட்டுப்போன நாளுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு? யோசிச்சுச் சொல்லு."

"என்ன நடந்துச்சு, நல்லதுதானுங்க நடந்துச்சு." அவள் கசப்பாகச் சிரித்தாள். "மொத தடவை, நடுவட்டத்துல இருந்து ஒரு மேனேஜர் வந்து, எங்களுக்கு இப்பிடி ஒரு படம் இல்லியேன்னு பெருமூச்சு உட்டாருங்க. ரெண்டாவது தடவை ஹெட் ஆபீஸ் ஆடிட்டர். நேத்து டைரக்டர் வூட்டம்மா வந்து போன்ல போட்டோ புடிச்சுட்டுப் போனாங்க. பாராட்டு வாங்கின மறுநாள் எல்லாம் எனக்குத் திட்டுதானுங்க்கா. அதுவே வழக்கமாப் போச்சு."

"இந்தப் படத்தைப் பிடிக்காதவங்க யாராவது இருக்காங்களா?"

அவள் தயங்கி, உள்ளே ஹெட் கிளார்க் கொர்னேலியஸின் மேசைப் பக்கம் பார்த்தாள். "அவரு ஸ்கேல் வெச்சு, மையில வரைஞ்ச படம்தான் மொதல்ல செவுத்துல இருந்துச்சு. என்ரது வந்ததும் அதைக் கழட்டிட்டாங்க. பாவம், என்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்க."

நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். கொர்னேலியஸ். ஒரு பாக்கெட் வர்க்கி பிஸ்கட் பந்தயம் என்று அக்காவின் காதில் சொன்னேன். போய்ப் பேசியபோது அவரும் எனக்கு ஒத்துழைத்தார்.

"கம்ப்யூட்டரை நான் தொடறதில்லீங்க" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி. "என்ர படம் செவுத்துல வருஷக்கணக்கா இருந்துச்சு. ஒரு நாளாச்சும் படுத்துக்கிச்சா? கரண்ட் போனாலும் தெரியும்."

"கோபம் இருக்கத்தானே செய்யும்" என்றேன் இனிமையாக.

"இருக்குது தம்பி. அதுக்காக அந்தப் புள்ள சோத்துல மண்ணள்ளிப் போடுவனா?"

நல்ல வசனம். குற்றவாளிகள்தான் இவ்வளவு நல்ல வசனம் பேசுவார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா ஃபேக்டரிக்குப் பின்பக்கம் நடந்தார். அங்கே பிள்ளைக்காம்பரா இருந்தது. கொழுந்து கிள்ளப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடம். பார்த்துக்கொள்கிற சின்னம்மை, இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். இடுப்பில் ஒரு குழந்தையோடு கதவோரம் நின்றிருந்தாள். கன்னமும் கையுமாகக் கொழுகொழுவென்று இருந்தது குழந்தை.

"அடேயப்பா, என்ன அழகுடா நீ" என்றேன். இதைவிட நாகரிகமாக யாரும் ஒரு குழந்தையிடம் பேச முடியாது.

சின்னம்மை என்னை மேலும் கீழும் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போய் மை டப்பாவை எடுத்து, குழந்தையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தாள்.

"தம்பி கண்ணு பொல்லாத கண்ணாத் தெரியுது" என்றாள்.

அக்கா அப்படியே நின்றார். "ஏம்மா, கன்னத்துல எதுக்கு? நடு நெத்தியில வெக்கலாமே."

"நடுவுல வச்சா அது அழகுக்கு. ஓரமா வச்சாத்தான் கண்ணுக்கு. பாக்கிறவன் பார்வை அதுல போய் விழுந்திரணும், பிள்ளை மேல விழக் கூடா."

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். "பிரைட்டா, அந்தக் கோடு படத்துல எங்க இருந்துச்சு?"

"கீழே, வலது பக்கமா."

"அந்தப் படம் ஒரு முகம்னா?"

நான் என் முகத்தைத் தடவிப் பார்த்தேன். "கன்னம்" என்றேன். "திருஷ்டிப் பொட்டு. அடக் கடவுளே, படத்துக்கு யாரோ திருஷ்டிப் பொட்டு வெச்சிருக்காங்க."

"கோட்டுப் பேனாவை எடுத்து, இழுக்காம ஒரே ஒரு க்ளிக். பார்வைக்குக் கறுப்பா ஒரு புள்ளி. ஆப்புக்கு அது நீளமில்லாத கோடு. வெச்சவுடனே ஒண்ணும் ஆகாது. மறுநாள் திறக்கும்போதுதான் திசை கேட்டு விழும்."

"ஒவ்வொரு தடவையும் யாராவது பாராட்டின பிறகு." நான் விரல் சொடுக்கினேன். பிறகு என் விரல் தானே மடங்கியது. "அக்கா, அப்போ கொர்னேலியஸ் இல்லையே. படத்தை வெறுக்கறவர் பொட்டு வெக்க மாட்டார். அது மேல உசுரையே வெச்சிருக்கறவங்கதான் வெப்பாங்க."

"ஆமா."

"அது மேல உசுரா இருக்கறது சசிரேகாதானே?"

இரண்டு பேரும் வராந்தாப் பக்கம் பார்த்தோம். அந்தப் பெண் இன்னும் பையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவளே தெரியாமல் செய்து அவளே மாட்டிக்கொண்டிருந்தால், அதைப்போல ஒரு கொடுமை கிடையாது.

"வா" என்றார் அக்கா. "கொஞ்சம் அளவுக்கு மீறிப் புகழணும். உனக்கு வருமா?"

"பேக்கரியில கடன் சொல்ற ஆளுகிட்ட கேக்கற கேள்வியா இது?"

ஆபீஸ் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டோம். செல்லதுரை, கொர்னேலியஸ், சசிரேகா. திரை முழுக்கப் படம். அக்கா கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நானும் எத்தனையோ கம்பெனி பார்த்திருக்கேன் சார். இப்பிடி ஒரு படத்தை எங்கயும் பார்த்ததில்லை."

"இதைப் பார்த்தா ஊட்டி பூங்காவையே மூடிடுவாங்க" என்றேன். "கொச்சிக்காரங்க டீயை விட்டுட்டு இதைத்தான் வாங்கிட்டுப் போவாங்க. என் கண்ணே இதை விட்டு வர மாட்டேங்குதுங்க. நானும் எடுக்கப் பார்க்கறேன், வரலை."

கொர்னேலியஸ் கூரையைப் பார்த்தார். சசிரேகா தலையைக் குனிந்துகொண்டாள். செல்லதுரை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"டீ குடிச்சுட்டு வரலாம்" என்றார் அக்கா.

வெளியே தகரக் கூரைக்குக் கீழே ஆளுக்கொரு கிளாஸோடு நின்றோம். என் போனில் அக்கா அதே படத்தைத் திறந்து கொடுத்திருந்தார். வரைபலகையில் ஒரு வசதி உண்டு. ஒருவர் படத்தில் என்ன செய்தாலும் திறந்து வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உடனே தெரியும். அவருடைய அம்புக்குறிகூடப் பெயரோடு நகரும்.

எனக்கு இடது பக்கத்தில் சசிரேகா டீ குடித்துக்கொண்டிருந்தாள். வலது பக்கத்தில் கொர்னேலியஸ் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

போனில் அம்புக்குறி அசைந்தது. அதன் வாலில் 'சசிரேகா' என்று எழுதியிருந்தது.

"ஏம்மா, நீ இங்கதானே நிக்கிறே?" என்றேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். அவள் பெயர் படத்தின் மேல் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. முதலில் மேல் பக்கம், நெற்றி மாதிரி இடத்துக்குப் போனது. கொஞ்சம் யோசித்தது. பிறகு இறங்கி வந்து வலது கன்னத்தில் நின்றது. கறுப்பாக ஒரு புள்ளி விழுந்தது.

"பெரிய தொரை எங்க?" என்று மேனேஜரைத் தேடினார் கொர்னேலியஸ், கிளாஸைக் கீழே வைக்காமலே.

உள்ளே போனோம். செல்லதுரை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மவுஸ் அவர் கையில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அதைச் சுடுகிற பாத்திரம்போல விட்டார்.

"சும்மா... பாத்துட்டிருந்தேன்" என்றார்.

"செருப்பைக் கழட்டி வெச்சுட்டா பாத்துட்டிருந்தீங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மார்பு நிமிரவில்லை. "போன வருஷம் புது ட்ரையர் வாங்கினப்ப ஒருத்தர் வந்து ஆகா ஓகோன்னாருங்க. மறுநாள் பெல்ட் அறுந்துச்சு. இந்தப் படம் வந்தப்புறம்தான் இந்த ஃபேக்டரியை ஆளுங்க மதிச்சுப் பாக்கறாங்க. எனக்கு மனசு கேக்கலைங்க. எலுமிச்சம்பழத்தைக் கழட்டின ஆளு, பொட்டு வெக்கறேன்னு எப்பிடிங்க வெளிய சொல்றது? ஆனா பொட்டு வெச்சும் மறுநாள் கெட்டுப் போச்சு. கண்ணு அவ்வளவு பலமான்னு நெனைச்சுட்டு, அடுத்த தடவை இன்னும் அழுத்தி வெச்சேன்."

"கெடுத்ததே அந்தப் பொட்டுதான் சார்" என்று அக்கா விளக்கினார். புறப்படாத கோடு, கிடைக்காத திசை, விழுகிற ஆப் எல்லாம் சொன்னார். செல்லதுரையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. மேசைமேல் கிடந்த வேலை நீக்க உத்தரவை அவர் பார்த்தார், நாங்களும் பார்த்தோம்.

சசிரேகாதான் முதலில் பேசினாள்.

"சார், பொட்டு வெச்சது தப்பில்லீங்க. என்ர படத்து மேல உங்களுக்கு அவ்வளவு பிரியம்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. ஆனா என்ர பேருல வெச்சுட்டு, என்னையே கேட்டீங்க பாருங்க, ஏன் பண்ணுனேன்னு. போன ரெண்டு தடவையும் நான் ராத்திரி பூரா யோசிச்சனுங்க, நெசமாவே நான்தான் எதாச்சும் பண்ணிட்டனோன்னு."

செல்லதுரை எழுந்தார். உத்தரவை நாலாகக் கிழித்தார். "மன்னிச்சுக்கோம்மா" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை புதிது போலிருந்தது. இரண்டாவது முறை சொன்னபோது சரியாக வந்தது.

"வாசல்ல ஆணி இன்னும் இருக்குதுங்க சார்" என்றார் கொர்னேலியஸ். "பழம் நான் வாங்கியாரட்டுங்களா?"

கொச்சிக்காரர்கள் மழையோடு வந்தார்கள். தலைவியாக வந்த அம்மா எதையும் இரண்டு முறை பார்க்கிற ரகம். ஆபீஸ் சுவரில் பெரிய திரை போட்டு, படத்தை விரித்தோம். சசிரேகா இலையின் பயணத்தைச் சொல்லச் சொல்ல அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் பேனாவை மூடினார்.

"நல்ல பங்கியா வரைஞ்சிருக்கு" என்றார். பங்கி என்றால் மலையாளத்தில் அழகு.

அறையில் இருந்த எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் வலது பக்கக் கீழ் மூலைக்குப் போனது. என் கண்ணும்தான். அந்த அம்மாவும் அங்கே பார்த்தார். பழைய புள்ளியை நீக்கிவிட்டு, சசிரேகா ஒழுங்கான வட்டமாக, அளவோடு, கறுப்பாக ஒன்று வரைந்து வைத்திருந்தாள்.

"இது எந்தா? இதுக்கு மட்டும் பேர் எழுதலையே?"

சசிரேகா வாயைத் திறந்தாள். அதற்குள் செல்லதுரை முன்னால் வந்துவிட்டார்.

"அது படத்துல சேராதுங்க. திருஷ்டிப் பொட்டு. நான் வெச்சதுங்க" என்றார். "அந்தப் புள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க."

அந்த அம்மா அவரைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், சிரிக்கவில்லை. "இத்தறை சின்னதா வெச்சா போதாது. கொறச்சு கூடி வலுதாக்கணும்" என்றார். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

மவுஸ் செல்லதுரையின் கைக்குப் போனது. திரையில் இப்போது இரண்டு அம்புக்குறிகள் இருந்தன. உண்மை தெரிந்த கையோடு அக்கா அடம்பிடித்து வாங்க வைத்த இரண்டாவது லாகின். ஒன்றின் வாலில் சசிரேகா. இன்னொன்றின் வாலில், கொட்டை எழுத்தில், செல்லதுரை.

"ஓரத்தைப் புடிச்சு இழுங்க சார்" என்று சசிரேகா பின்னாலிருந்து சொல்லிக்கொடுத்தாள். "க்ளிக் பண்ணிட்டு அப்பிடியே உட்றாதீங்க. இழுங்க, இன்னும் இழுங்க."